பாலத்தின் கண்ணுக்குள் படகு மாட்டியவர்கள் சொல்லுங்கள்

வெட்டாற்றங்கரை:
மூன்று வருஷம் ஆகியும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், முகத்துவாரம் பார்க்கலாம் என்று ஒரு ஃபைபர் போட்டை வாடகைக்குப் பேசினோம். பத்துப் பேர், ஒரு ஐஸ் பெட்டி. அத்தைக்கு வெயில் ஆகாது. அதனால் படகுக்காரர் ஜி.ஐ. பைப்பை நட்டுத் தார்ப்பாயில் பந்தல் போட்டிருந்தார். வழியில் ஒரு பழைய பாலம். எது என்று கேட்காதீர்கள், பாலத்தைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி.

காலை ஆறு மணிக்குப் போகும்போது பந்தலுக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. கையைத் தூக்கிப் பாலத்தின் அடியைத் தடவி வீடியோ எடுத்தது நான்தான். எட்டு மணிக்கே படகுக்காரர் "கிளம்பிடலாம் சார்" என்றார். இன்னும் ஒரு போட்டோ, இன்னும் ஒன்று என்று இழுத்ததும் நான்தான். பாலத்துக்குத் திரும்பி வந்தபோது மணி ஒன்பதே கால். இருபது அடி இருக்கும்போது அவர் எஞ்சினை அணைத்துவிட்டு "படுங்க, எல்லாரும் படுங்க" என்று கத்தினார். படகு நிற்கவில்லை. முன்பக்கத்துப் பைப் உத்தரத்தில் முட்டி, கிரீச்சென்று வில் மாதிரி வளைந்து, அத்தையின் தலைக்கு ஒரு விரல் மேலே வந்து நின்றது. பாலத்தடியில் ஏதோ பறவை கட்டியிருந்த மண்கூடு பெயர்ந்து அத்தை மடியிலிருந்த புளியோதரைத் தூக்கின் மூடியில் விழுந்து நொறுங்கியது. "ஐயோ, முட்டை இருந்துச்சோ என்னமோ" என்று அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் பைப் நிற்பது அவருக்குத் தெரியவே இல்லை.

யாருக்கும் அடியில்லை. முந்தின மூன்று நாளும் நல்ல மழை, மேலே ரெகுலேட்டரில் (ஆற்றுத் தடுப்பணையில்) ஷட்டரைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் ஏறிவிட்டது என்றார் படகுக்காரர். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மன்னை மைனர்:
கார்த்திகை மழையில் அத்தையைப் படகில் ஏற்றிய உங்களை முதலில் உதைக்க வேண்டும். அத்தை நலமா?

நாகைக் கடலோடி:
ஷட்டர் கதையை நம்பாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. தீபத்துக்கு மறுநாள் என்றால் பௌர்ணமியை ஒட்டிய நாள், ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) பெரிது. நம் கரையில் நீர் ஏற்றம் பெரிதாக ஒன்றும் இல்லை, மிஞ்சிப்போனால் இரண்டு அடி. ஆனால் உங்களுக்கு இருந்ததே ஒரு சாண்தானே?

இன்னொன்று. ஷட்டர் தண்ணீர் என்றால் அது கடலைப் பார்த்து ஓடும். நீங்கள் கடலிலிருந்து உள்ளே வருகிறீர்கள். அப்படியானால் எஞ்சினை அணைத்ததும் எதிர்த்தண்ணீர் படகைப் பின்னால் தள்ளியிருக்க வேண்டும். உங்கள் படகு நிற்காமல் முன்னால் போனது என்றால், பின்னாலிருந்து தள்ளியது கடல்.

எங்கள் அப்பா சொல்வது: பாலத்துக்குள் எப்போதும் எதிர்நீரில் நுழை. எதிர்நீரில் எஞ்சினைக் குறைத்தால் படகு நின்ற இடத்தில் நிற்கும், பார்த்துப் பார்த்து நகர்த்தலாம். கூடநீரில், அதாவது படகு போகும் பக்கமே நீரும் ஓடும்போது, எஞ்சினை அணைத்தால் சுக்கானும் செத்துப்போகும், படகு கட்டை மாதிரிதான். அந்த எஞ்சினில் ரிவர்ஸும் கிடையாது. சந்தேகம் இருந்தால் பாலத்துக்கு நூறு அடி முன்பே படகைத் திருப்பி, அணியத்தை (படகின் முன்முனையை) நீருக்கு எதிராக வைத்து நிற்கவேண்டும். இல்லையா, நங்கூரம் போட்டு, நீர் இறங்கும் வற்றத்துக்குக் காத்திரு. புளியோதரைதான் இருந்ததே.

குடந்தை ரிட்டயர்டு:
ஐயா, என் அனுபவம் இங்கே இல்லை, இங்கிலாந்தில். மகள் வீட்டுக்குப் போனபோது மாப்பிள்ளை நார்ஃபோக் பக்கம் நான்கு நாளுக்கு ஒரு மோட்டார் படகை வாடகைக்கு எடுத்தார். கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே. அங்கே பாட்டர் ஹைகம் என்று ஒரு ஊர், அதில் கல் பாலம். 1385-ஐ ஒட்டிக் கட்டியது என்கிறார்கள். வளைவான கண், நடுவில் மட்டும்தான் உயரம், அதுவும் நீர் ஏறி நிற்கும்போது ஏழு அடிக்குக் குறைவு.

வாடகைப் படகை நாமே அதில் ஓட்டக்கூடாதாம். அப்போது அதற்கென்று ஒரு வழிகாட்டி இருந்தார், அவர் வந்துதான் கடத்திவிட வேண்டும். பாலத்தருகே ஒரு பலகை நட்டு அடிக்கணக்கு எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுதான் அந்த நேரத்தில் தலைக்கு மேல் கிடைக்கும் இடம். நம் ரெகுலேட்டர் தூணிலும் மீட்டர் கணக்கில் கோடு போட்டிருக்கிறார்கள், ஆனால் அது தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று சொல்லும், உன் தலைக்கு எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது.

அந்த மனிதர் வந்தார். பலகையைப் பார்த்தார், எங்கள் படகின் கூரையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். அவ்வளவுதான். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடி ஏதேதோ பேசிப் பார்த்தார், அவர் திரும்பக்கூட இல்லை. நாங்கள் கரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு வயதான தம்பதி சின்னப் பாய்மரப் படகில் வந்தார்கள். பாய்மரத்தை அடிக்கீலில் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். அந்தம்மா நீளக் கழியை ஊன்றித் தள்ள, படகு நூல் பிடித்த மாதிரி கண்ணுக்குள் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தது. கழி ஊன்றுவது அச்சு அசல் நம் பக்கத்து ஓடக்காரர் மாதிரியே. எனக்கு அந்தம்மாவின் முகம்தான் இன்னும் நினைவில் நிற்கிறது. மேலே பார்க்கவே இல்லை.

வைக்கோல் வண்டி:
படகை விடுங்கள். தை மாதம் வைக்கோல் லாரி ரயில்வே சுரங்கப்பாதையில் மாட்டினால் என்ன செய்வீர்கள்? நான் செய்திருக்கிறேன். நான்கு டயரிலும் காற்றை இறக்கினோம், வண்டி தழைந்தது, ஊர்ந்து வெளியே வந்தோம். உயரத் தடுப்புக் கம்பி போட்டிருந்தால் அந்தப் பிழைப்பே வந்திருக்காது. ஏற்றும்போதே ஒரு மூங்கிலில் உயரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் மறுபடி தார் போட்டால் போன வருஷத்து உயரம் இந்த வருஷம் இருக்காது. கயிற்றை நடுவில் இறுக்கினால் உச்சி அரை அடி அமுங்கும், ஓரத்தில் இறுக்கினால் அமுங்காது. மழையில் நனைந்த வைக்கோலை ஏற்றவே ஏற்றாதீர்கள். டிரைவருக்குத் தூக்கம் வந்தால் டீ வாங்கிக் கொடுங்கள், பீடி வேண்டாம்.

நாகைக் கடலோடி:
அண்ணே, இது படகுத் திரி (உரையாடல்). படகுக்கு டயர் கிடையாது.

அதிரை டெக்:
வைக்கோல் அண்ணன் சொன்னது படகுக்கும் பொருந்தும், சிரிக்காதீர்கள். ஆளை ஏற்றினால் படகு தழையும். பந்தல் ஒரு விரலில் உரசுகிறது என்றால் கரையில் நிற்பவர்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள், எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன்.

நான் ஆறு வருஷம் வாடகைப் பாய்மரப் படகுகளில் டெக் (மேல்தள) வேலை பார்த்தவன். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் உள்நாட்டு நீர்வழியில் தூக்கித் திறக்க முடியாத பாலங்களுக்கு வழக்கமான உயரம் 65 அடி. கடல் வரைபடத்தில் போடும் எண் நீர் ஏறி நிற்கும் நிலையிலிருந்து கணக்கு, ஆக வற்றத்தில் போனால் கொஞ்சம் கூடவே கிடைக்கும். எங்கள் படகின் காகிதத்தில் பாய்மரம் 62 அடி என்று இருந்தது. மூன்று அடி மிச்சம் என்று கேப்டன் நிம்மதியாக இருந்தார். பாய்மரத்தின் உச்சியில் ஒரு ரேடியோ ஆன்டெனா இருப்பதைக் காகிதத்தில் யாரும் சேர்க்கவில்லை.

நான் முன்டெக்கில் மல்லாந்து படுத்து மேலே பார்க்கிறேன். கீழேயிருந்து பார்த்தால் பத்து அடி இடம் இருந்தாலும் மோதப்போகிற மாதிரிதான் தெரியும், கண்ணை நம்பவே முடியாது. அதனால் நான் வாய் திறக்கவில்லை. அப்புறம் மேலேயிருந்து டிங். அடுத்த உத்தரம், டிங். அடுத்தது, டிங். ஆன்டெனா ஒவ்வொரு உத்தரமாகத் தட்டிக்கொண்டே போகிறது. கேப்டன் முகத்தில் ரத்தம் இல்லை. ஏழு டிங் எண்ணினேன், வெளியே வந்துவிட்டோம்.

பாலமாவது பரவாயில்லை, இடித்தால் கம்பு ஒடியும். ஆற்றுக்குக் குறுக்கே போகும் கரண்ட் கம்பியைப் பாருங்கள். அலுமினியப் பாய்மரம் அதைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, ரொம்பக் கிட்டப் போனாலே கரண்ட் பாய்ந்துவிடும்.

தஞ்சை கீழவாசல்:
கம்பி என்றதும் களிமேடுதான் ஞாபகம் வருகிறது. 2022 ஏப்ரலில் தேர் உச்சி உயர்மின் கம்பியில் பட்டுப் பதினோரு பேர் போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் சாமி புறப்பாடு என்றால் பெரியவர் ஒருவர் தொரட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்கிறார். மன்னிக்கவும், திரி வேறு பக்கம் போகிறது.

லஸ்கர் மகன்:
நாகை நண்பருக்கு: ஷட்டரை அப்படி ஒதுக்க முடியாது. கடைமடை ரெகுலேட்டர் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறாமல் தடுக்கத்தான், ஆனால் வடகிழக்கு மழையில் வயல் முழுகும்போது வடியவிடத் திறந்துதான் ஆகவேண்டும். அப்பாவோடு இரவில் டார்ச் பிடித்துக்கொண்டு ஷட்டர் சுற்றப் போயிருக்கிறேன். மேலே வடியும் தண்ணீரும் கீழே ஏறும் ஓதமும் முகத்துவாரத்தருகே முட்டிக்கொண்டால் நடுவில் தண்ணீர் உயராமல் எங்கே போகும்? வாடைக்காற்று வேறு. இரண்டும்தான்.

நாகைக் கடலோடி:
இரண்டும் என்றால் சரி. ஆனால் படகை முன்னால் தள்ளியது ஓதம். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதிரை டெக்:
வெட்டாற்றங்கரை, ஒரு கேள்வி. போகும்போது பத்துப் பேர். வரும்போதும் பத்துப் பேரா?

வெட்டாற்றங்கரை:
இதைக் கேட்பீர்கள் என்று நினைத்தேன். இல்லை. மாமா, இரண்டு தம்பிகள், ஒரு மருமகன் நான்கு பேரும் முகத்துவாரத்திலேயே இறங்கி பஸ்ஸில் போய்விட்டார்கள். ஐஸ் பெட்டியையும் அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதிரை டெக்:
மாமா எத்தனை கிலோ?

வெட்டாற்றங்கரை:
தொண்ணூறுக்குக் குறையாது.

அதிரை டெக்:
நான்கு பேரும் பெட்டியும் இறங்கியதில் படகு இரண்டு அங்குலமாவது எழும்பியிருக்கும்.

மன்னை மைனர்:
மாமாவை பஸ்ஸில் அனுப்பிய குற்றத்துக்கும் சேர்த்து உதைக்க வேண்டும். வளைந்த பைப் என்ன ஆயிற்று?

வெட்டாற்றங்கரை:
படகுக்காரருக்குப் புதுப் பைப் வாங்கிக் கொடுத்துவிட்டு வளைந்ததை நான் எடுத்து வந்தேன். அத்தை வீட்டுக் கொல்லையில் அவரைக்கொடி ஏறியிருக்கிறது.

வைக்கோல் வண்டி:
ஒன்றரை அங்குலப் பைப்பா, ஒன்றா? ஒன்று என்றால் அவரைக்கே தாங்காது, மூங்கில் முட்டுக் கொடுங்கள்.