கோமாளிகளில் ஆள் மாறியிருந்தால்?

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' நகைச்சுவை நாடகத்தில் முஸ்லிம்களின் தமிழ் பேசிய மரிக்கார், யாழ்ப்பாணத் தமிழ் பேசிய அப்புக்குட்டி, சிங்களவர் பேசும் தமிழில் கதைத்த உபாலி, பிராமணத் தமிழ் பேசிய ஐயர் என்றால் இங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வாசிகசாலைக் கலைவிழாவுக்கு நாங்கள் நாலு பேர் அந்தப் பாணியில் ஒரு துண்டு நாடகம் பழகினோம். உபாலியாக வர இருந்தவனுக்கு அன்றைக்கென்று காய்ச்சல். வீட்டில் சிங்களம் பேசுகிற நண்பன் ஒருவனை ஏற்றினோம், அசல் ஆளே கிடைத்துவிட்டான் என்று அவ்வளவு சந்தோஷம். அவன் "நான் நேத்தே வந்தது, நீ தான் இருந்தது இல்ல" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா "பாவம், பிள்ளைக்குத் தமிழ் வராது போல" என்றது மேடைக்கே கேட்டது. அவன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. உபாலியாக நடித்த செல்வசேகரன் தமிழர் என்று தெரிந்ததால்தான் நாங்கள் கூச்சமில்லாமல் சிரித்தோம். சிங்கள நடிகர் ஒருவரையே போட்டிருந்தால் அந்தக் கூட்டணி ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

மாளிகாவத்தை:
அண்ணன், அப்படி இல்லை. எங்கட மூத்தாப்பா மரிக்காரை நம்மட ஆள் என்றே நம்பியவர், சாரன் நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிப்பார். ஒருநாள் நான்தான் சொன்னேன், அவர் பெயர் ராம்தாஸ், ஐயராக வருகிற அப்துல் ஹமீதுதான் நம்மட ஆள் என்று. ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் "அப்ப அந்த மனுசன் நாம கதைக்கிறத எவ்வளவு கவனிச்சுக் கேட்டிருக்கணும்" என்றார். ஹமீதே மரிக்காராக வந்திருந்தால் மூத்தாப்பா அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் சிரிப்பு குறைந்திருக்காது, அண்ணன்.

வெள்ளவத்தை:
இரண்டு பேரும் பிறப்பையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். சின்ன வயதில் அமெரிக்க நகைச்சுவை மூவரான த்ரீ ஸ்டூஜஸின் வீடியோ கேசட் ஒன்று வாடகைக்கு எடுத்து வந்தோம், கர்லி இருந்த இடத்தில் ஷெம்ப்பைக் கண்டதும் தங்கை அழுதாள். 1946 இல் கர்லிக்குப் பக்கவாதம் வந்ததால் அண்ணன் ஷெம்ப் திரும்பி வந்தார். 1932 இல் அவர் விலகியதால்தான் கர்லியே உள்ளே வந்தவர் என்பது பிறகு தெரிந்தது. ஷெம்ப் தம்பியைப் போல நடிக்கவில்லை, தன் பாட்டுக்கு நடித்தார், அதனால்தான் நின்றார். கொட்டாஞ்சேனைத் தம்பி, திரும்ப மேடையேற்றினால் அந்த நண்பனுக்கு உபாலியைக் கொடுக்காதீர்கள், அப்புக்குட்டியைக் கொடுங்கள். யாழ்ப்பாணத்து ஆச்சி யாராவது இருந்தால் ஒரு மாதம் அவர் பக்கத்தில் உட்காரவிடுங்கள், உச்சரிப்பை எழுதிக் கொடுத்தால் கெட்டுவிடும். நாலு பேரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் பழகுங்கள், அடுத்தவன் மூச்சு எடுக்கிற இடத்தில் நுழையத் தெரியவேண்டும். பாட்டு, ஆட்டம் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
நேற்று இரவு அவனுக்கு அழைத்துக் கேட்டேன். அப்புக்குட்டி வேண்டாமாம். மரிக்கார் என்றால் வருகிறானாம்.