அவசரம்: கை நகம் ஒடிந்துகொண்டே இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடலாம்?

தேன்மொழி:
வணக்கம். கொஞ்சம் வளர்ந்தாலே நகம் நுனியில் ஒடிந்துவிடுகிறது. துணி மடிக்கும்போது நூலில் மாட்டிக்கொண்டு நகக்கண் வரை கிழிகிறது, உயிரே போகிறது. போன வருடம் வரை நன்றாகத்தான் இருந்தது. நாளைக்கு மருந்துக்கடைக்குப் போகிறேன், என்ன வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கதிர்:
கால்சியம் குறைவுதான், சந்தேகமே வேண்டாம். எலும்புக்குக் குறைந்தால் நகத்துக்கும் குறையும். நகத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உறுதி.

யாழினி:
வயது என்ன? எல்லா விரலிலுமா, ஒன்றிரண்டில் மட்டுமா? கால் நகம் எப்படி இருக்கிறது? ஒடிவது என்றால் குறுக்கே ஏடு ஏடாக உரிகிறதா, நெடுக்காகப் பிளக்கிறதா? இவற்றைச் சொல்லாமல் யாராலும் மாத்திரை சொல்ல முடியாது.

சுபா:
பயோட்டின் என்ற பி வைட்டமின் மாத்திரை, 10 மில்லிகிராம் வாங்குங்கள் தோழி. நான் சாப்பிட்டேன், நகம் கெட்டியாகிவிட்டது. முடிக்கும் நல்லது.

மூத்தவாசகன்:
இந்தக் கேள்வி இங்கே எத்தனை தடவை வந்திருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். வயதையே சொல்லாமல் மருந்து கேட்பது, அதற்கு இரண்டு பேர் உடனே மருந்து சொல்வது, இரண்டுமே பொறுப்பில்லாத வேலை. நடுவயதில் நகம் மெலிவது இயல்பு. நெடுக்குவாட்டில் வரிவரியாக மேடு விழுவதும் இயல்பு. முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

அன்புச்செல்வன்:
பூஞ்சையாக இருக்கலாம். என் மாமனாருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. மாத்திரை கொடுத்துத்தான் சரியானது.

வளர்மதி:
பூஞ்சை என்றால் பெரும்பாலும் நகம் தடிக்கும், மஞ்சளாகவோ வெள்ளையாகவோ நிறம் மாறும், அடியில் பொடி சேரும். கையைவிடக் கால் நகத்தில்தான் அதிகம் வரும். நகத்தைக் கொஞ்சம் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பி, பூஞ்சை என்று உறுதியான பிறகே மாத்திரை தொடங்க வேண்டும். அந்த மாத்திரைகளில் சில கல்லீரலைப் பாதிக்கும், அதனால் ஊகத்தில் விழுங்கக் கூடாது.

தேன்மொழி, யாழினி கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் அம்மா. கால் நகம் எப்படி என்பது முக்கியம். கையில் மட்டும் உரிந்து கால் நகம் நன்றாக இருந்தால், பெரும்பாலும் காரணம் வெளியில் இருக்கிறது: தண்ணீர், சோப்பு, நெயில் பாலிஷ் ரிமூவர் இப்படி. கைகால் இரண்டிலும் இருந்தால் உடம்புக்குள்ளே தேட வேண்டும்.

கதிர்:
கால்சியத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே?

யாழினி:
நகம் எலும்பு அல்ல கதிர். அது கெரட்டின் என்ற புரதம். அதன் கெட்டித்தன்மை அந்தப் புரத இழைகளுக்கு நடுவே உள்ள கந்தகப் பிணைப்புகளால் வருகிறது. நகத்தில் கால்சியம் இருப்பதே மிகச் சொற்பம். வெள்ளைப் புள்ளியும் பெரும்பாலும் நகத்தின் வேரில் எப்போதோ பட்ட சின்ன அடியின் தடம்தான். நகம் வளர வளர அது நுனிக்கு நகர்ந்து போய்விடும்.

செந்தில்:
சுபா சொன்ன பயோட்டின் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். 10 மில்லிகிராம் மாத்திரை அதைப் போல 300 மடங்குக்கும் மேல். உபரி சிறுநீரில் போய்விடும், ஆனால் போவதற்குள் சில பரிசோதனைகளைக் குழப்பிவிடும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் இருப்பதைவிடக் குறைவாகவும் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 அதிகமாகவும் காட்டினால், தைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோல் தெரியும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனை தவறாகக் குறைத்துக் காட்டலாம். 2017-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது.

சுபா:
எனக்குப் பலன் கிடைத்ததைத்தான் சொன்னேன். பயமுறுத்த வேண்டாம். கடையில் சீட்டு இல்லாமலே கொடுக்கிறார்கள், ஆபத்து என்றால் கொடுப்பார்களா?

செந்தில்:
பயமுறுத்தவில்லை சகோதரி. சீட்டு இல்லாமல் கிடைப்பதால்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. எல்லாக் கருவிகளும் குழம்பாது, பயோட்டினைப் பயன்படுத்தி அளக்கும் முறைகளில்தான் சிக்கல். ஆனால் எந்தக் கூடத்தில் எந்த முறை என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? தைராய்டு பார்ப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

மூத்தவாசகன்:
பயோட்டினால் நகம் கெட்டியாகிறது என்பதற்கு உள்ளவை சிறிய ஆய்வுகள். அவற்றில் கொடுத்தது 2.5 மில்லிகிராம்தான். மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தவையும் அல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் 10 மில்லிகிராம் பரிந்துரைப்பது அறியாமை.

சுபா:
அறியாமை என்ற சொல் வேண்டாம் சார். தெரிந்ததைச் சொல்ல வந்தவர்களை இப்படி விரட்டினால் அப்புறம் யார் எழுதுவார்கள்?

வளர்மதி:
சுபா, உங்களுக்குப் பலன் கிடைத்ததை யாரும் மறுக்கவில்லை. தேன்மொழிக்கு இன்னும் எந்தப் பரிசோதனையும் ஆகவில்லை, அதுதான் கவலை. முதலில் ரத்தம், அப்புறம் மாத்திரை. அந்த வரிசை மாறக் கூடாது.

தேன்மொழி:
மன்னிக்கவும், வேலையாகிவிட்டது. வயது 48. கை மட்டும்தான், கால் நகம் நன்றாக இருக்கிறது. வெங்காயச் சருகு போல ஏடு ஏடாக வருகிறது. வலது கையில் அதிகம், கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் மோசம். நகத்தைக் கெட்டியாக்கும் பாலிஷ் ஒன்று போட்டேன். முதலில் நன்றாக இருந்தது, இப்போது இன்னும் மோசம்.

யாழினி:
அந்தப் பாலிஷில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறதா என்று பாருங்கள். அது முதலில் நகத்தை விறைப்பாக்கும். தொடர்ந்து போட்டால் வளையும் தன்மை போய் நொறுங்க ஆரம்பிக்கும். இன்றே நிறுத்துங்கள். இன்னொன்று: போன வருடம் வரை நன்றாக இருந்தது என்றீர்கள். போன வருடம் என்ன மாறியது? மாதவிடாய் எப்படி இருக்கிறது? களைப்பு, குளிர் தாங்காமை, முடி உதிர்வு உண்டா?

தேன்மொழி:
போன வருடத்திலிருந்து அம்மா படுக்கையில் இருக்கிறார். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுகிறேன், சானிடைசர் போடுகிறேன். மாதவிடாய் இப்போதெல்லாம் ரொம்ப அதிகமாகப் போகிறது. களைப்பு இருக்கிறது, தூக்கமில்லாததால் என்று நினைத்தேன்.

வளர்மதி:
இதுதான் விஷயம். நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காயும்போது சுருங்கும். நாள் முழுக்க இப்படி நடந்தால் ஏடுகளை ஒட்டி வைத்திருக்கும் பிடிப்பு தளர்ந்து நுனியிலிருந்து பிரியும். வலது கையில் அதிகம் இருப்பதும் அதோடு பொருந்துகிறது. நான் செவிலியர், எங்களுக்கும் இதே தொல்லை உண்டு.

கை கழுவுவதை விட முடியாது, விடவும் கூடாது. கழுவியதும் துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுதும் போவதற்குள் பெட்ரோலியம் ஜெல்லியைத் துளி எடுத்து நகத்தின் மேலும், சுற்றியுள்ள தோலிலும், நுனிக்கு அடியிலும் தேய்த்துவிடுங்கள். நுனிக்கு அடியில் தடவுவதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். இரவில் 10 அல்லது 20 சதவீத யூரியா க்ரீம் தடவிப் பருத்திக் கையுறை போடுங்கள், ஆனால் வெடிப்பு இருக்கும் தோலில் யூரியா எரியும். பாத்திரம் தேய்க்கும்போது ரப்பர் கையுறை, அதற்குள்ளே பருத்திக் கையுறை, இல்லாவிட்டால் வியர்வையிலேயே நகம் ஊறிவிடும்.

உரிந்த ஏட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், நல்ல ஏடும் சேர்ந்து வந்துவிடும். குளித்த பிறகு நகம் மெத்தென்று இருக்கும்போது ஒட்ட வெட்டிவிட்டு, மெல்லிய ஃபைலால் ஒரே பக்கமாக ராவுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் ஏடு விரியும்.

யாழினி:
கால் நகம் நன்றாக இருந்தாலும் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். அதிகப் போக்கு, களைப்பு இரண்டையும் விட்டுவிடக் கூடாது. ஹீமோகுளோபின் மட்டும் போதாது, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம். டிஎஸ்ஹெச் கூட. இந்த வயதில் அதிகப் போக்கு ஏன் என்று மகப்பேறு டாக்டரிடமும் காட்டுங்கள்.

நீலா:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு நகம் உடையவில்லை, ஆனால் கட்டை விரலில் மட்டும் நெடுக்காக ஒரு கறுப்புக் கோடு. இதுவும் சத்துக் குறைவா?

வளர்மதி:
நீலா, இதை இங்கே கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மாநிறத்தவர்களுக்குப் பல விரல்களில் இப்படிக் கோடு இருப்பது சாதாரணம். ஒரே விரலில் புதிதாக வந்திருந்தாலோ, அகலமாகிக்கொண்டு போனாலோ, கறுப்பு பக்கத்துத் தோலுக்கும் பரவியிருந்தாலோ தோல் டாக்டர் உடனே பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் அரிதாக அது தோல் புற்றுநோயாக இருக்கும்.

கதிர்:
எனக்குத் தெரிந்த எல்லா டாக்டர்களும் கால்சியம்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

மூத்தவாசகன்:
எலும்புக்காக எழுதியிருப்பார்கள். தேன்மொழி, எதைச் செய்தாலும் உடனே தெரியாது. கை நகம் மாதத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், அடியிலிருந்து நுனிவரை புதிதாக வர 6 மாதம் ஆகும். பத்தே நாளில் பலன் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

தேன்மொழி:
எல்லோருக்கும் நன்றி. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது, ஃபெரிட்டின் குறைவு, தைராய்டு சரி. இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். ஜெல்லி அம்மாவின் கட்டில் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அடியில் வருவது வழவழப்பாக இருக்கிறது, நுனி இன்னும் உரிகிறது.

வளர்மதி:
நல்லது அம்மா. ஃபெரிட்டின் எண் எவ்வளவு? மறுபடி எப்போது பார்க்கச் சொன்னார்கள்? நகம் சரியானதும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சேமிப்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.