முதல் ஆய்வுக் கட்டுரை 6 நாளில் திரும்பி வந்துவிட்டது: கொறங்காடு பற்றி எழுதியதை எப்படித் திருத்தி அனுப்புவது?

மூலனூர்க்காரி:

வணக்கமுங்க. காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக பிஎச்.டி. செய்கிறேன். ஆய்வு எங்கள் பக்கத்துக் கொறங்காடுகளைப் பற்றியது, அதாவது உயிர்வேலி போட்டு வைத்திருக்கும் மேய்ச்சல் நிலங்கள். காங்கயம், வெள்ளகோயில், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் 12 காடுகள் எடுத்துக்கொண்டேன். 6 காட்டில் மாடு மேய்கிறது, 6 காட்டில் மேச்சேரிச் செம்மறி. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு ஒவ்வொரு காட்டிலும் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் பத்து இடத்தில் வைத்து உள்ளே இருக்கும் புல், செடி எல்லாவற்றையும் எண்ணினேன். மொத்தம் 63 இனங்கள். மாடு மேய்ந்த காடுகளில் கொழுக்கட்டைப்புல் கூடுதலாக இருக்கிறது என்பதுதான் முடிவு.

எட்டு மாதம் உட்கார்ந்து எழுதி ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினேன். ஆறாம் நாள் திரும்பிவிட்டது. கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பீட்டாளர்களுக்கே போகவில்லை. இதழாசிரியர் இரண்டு காரணம் சொல்லியிருந்தார். ஆய்வு உள்ளூர் அளவில் நின்றுவிடுகிறதாம். 120 மாதிரிகள் என்று எழுதியிருப்பது சரியாகத் தெரியவில்லையாம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரமே இன்னொரு இதழிலிருந்து மின்னஞ்சல். மூன்று நாளில் ஏற்றுக்கொள்வோம், 9,500 ரூபாய் கட்டினால் போதும் என்கிறார்கள். வீட்டில் எல்லாரும் கட்டி முடித்துவிடு என்கிறார்கள். அப்புறம் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. காட்டுப்பக்கம் ஒரு நாளும் வராத ஒருவரின் பெயரையும் கட்டுரையில் சேர்க்கச் சொல்கிறார்கள். யாராவது வழி சொல்லுங்க.

ஈரோடு நூலகர்:

பணத்தைக் கட்டிவிடாதீர்கள். மூன்று நாளில் கட்டுரையை ஒருவர் படித்து மதிப்பிட்டு, நீங்கள் திருத்தி, மறுபடி அவர் பார்ப்பது நடக்காத காரியம். அந்த இதழின் பக்கத்தில் ஐ.எஸ்.எஸ்.என். எண் போட்டிருப்பார்கள். அது வெறும் அடையாள எண், தரச் சான்று ஆகாது. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் முத்திரை இருந்தால் அதை நம்பாமல் ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் போய் இதழின் பெயரைத் தேடுங்கள். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்று சொன்னால், அப்படிப்பட்ட இதழ்களுக்கான டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வைத்திருந்த தரமான இதழ்களின் கேர் பட்டியலில் இருப்பதாக யாராவது சொன்னால், அந்தப் பட்டியலையே யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இதழ் நல்லதா என்று நாமும் நம் கல்லூரியும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல இதழ் என்றாலே பணம் கட்ட வேண்டும் என்பதில்லை. சந்தாவில் நடக்கும் இதழ்கள் பலவற்றில் எழுதுகிறவர் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. மற்றவர்களின் கட்டுரைகளை எடுத்துப் படிப்பதில் உங்களுக்குச் சிரமம் இருக்கும், அது தெரியும். இதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது, அது முதலில் அரசு நிறுவனங்களுக்குத்தான் வந்திருக்கிறது. தனியார் கல்லூரியில் இருந்தால், வேண்டிய கட்டுரையை எழுதியவருக்கே நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

கோபி வாத்தியார்:

அம்மணி, முதலில் சாப்பிடுங்க. ஆறு நாளில் திரும்பி வந்தது ஒரு வகையில் உங்களுக்கு நல்லது. ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு இதே இரண்டு வரியை அனுப்புகிற இதழ்களும் உண்டு.

நான் 31 வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இன்னும் சில இதழ்களுக்கு மதிப்பீடு செய்து கொடுக்கிறேன். அந்த ஆசிரியர் சொன்ன இரண்டும் நியாயம்தான், இரண்டையும் சரி செய்ய முடியும்.

முதலில் உள்ளூர் அளவு என்ற குறை. உங்கள் முன்னுரை காங்கயம் காளையின் பெருமையில் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். நம் பக்கத்திலிருந்து வரும் கட்டுரைகளில் பாதி அப்படித்தான் தொடங்குகின்றன. காளை நமக்குப் பெருமைதான். ஆனால் அர்ஜென்டினாவில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு அதில் என்ன கேள்வி இருக்கிறது? மழை குறைந்த புல்வெளியில் மாடு மேய்ந்தால் ஒரு மாதிரியும் ஆடு மேய்ந்தால் வேறு மாதிரியும் புல் மாறுகிறதா என்று கேளுங்கள். அவர் ஊரிலும் அந்தக் கேள்வி இருக்கிறது, நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்து அவரிடம் சொல்ல வேண்டியது நம் கிளுவை வேலியைப் பற்றி. உலகத்தில் பல இடங்களில் மேய்ச்சல் நிலம் பொதுவில் கிடக்கிறது. எவர் மாடு எத்தனை நாள் மேய்ந்தது என்று அங்கே கணக்கே எடுக்க முடியாது. நம் கொறங்காடு தனியார் பூமி. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, ஒரு படல், ஒரு குடும்பம். எத்தனை உருப்படி மேய்கிறது, எத்தனை வருடமாக மேய்கிறது என்று காட்டுக்காரர் வாயாலேயே சொல்லிவிடுவார். ஆராய்ச்சி நிலையத்தில் செலவு செய்து கம்பி வேலி போட்டுப் பகுதி பிரிப்பார்கள். அதை நம் பாட்டன்மார் கிளுவைக் குச்சி நட்டே செய்து வைத்துவிட்டார்கள். உங்கள் ஆய்வுக்கே பலம் அந்த வேலிதான். கட்டுரையில் அதைப் பற்றி எத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள்? பிறந்ததிலிருந்து பார்க்கிற வேலி என்பதால் எழுதவே தோன்றியிருக்காது. எனக்கும் இப்படி நடந்தது. 1991-ல் எங்கள் பக்கத்துக் குளத்துச் செடிகளைப் பற்றி எழுதி, தட்டச்சில் மூன்று பிரதி எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து வந்த முதல் கேள்வி, குளத்தில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும் என்பதுதான். ஊரில் சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம், கட்டுரையில் எங்குமே இல்லை. எனக்கு மனசு ரொம்ப வருத்தமாகிவிட்டது.

அதனால் ஆய்வு முறை என்கிற பகுதியை நீட்டி எழுதுங்கள். ஒவ்வொரு காடும் எத்தனை ஏக்கர், எத்தனை உருப்படி, எத்தனை வருடமாக அதே கால்நடை, கடைசியாக எந்த வருடம் உழவு ஓட்டினார்கள், வெள்வேல் மரம் எத்தனை. மழை அளவு பக்கத்து மழைமானியிலிருந்து. காடுகள் இருக்கும் இடத்துக்கு ஒரு வரைபடம்.

இரண்டாவது, அந்த 120. இதுதான் பெரிய விஷயம். ஒரே காட்டுக்குள் பத்து சட்டம் வைத்தால் பத்துச் சட்டத்துக்கும் ஒரே மண், ஒரே மந்தை, ஒரே காட்டுக்காரர். பத்தும் ஒன்றைப் போலத்தான் இருக்கும். மாடா ஆடா என்ற கேள்விக்கு உங்களிடம் இருப்பது 12 காடுகள். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்பவர் 1984-லேயே இந்தத் தவறுக்குப் போலி மறுபதிவு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து எழுதிவிட்டார். அதிலிருந்து மதிப்பீட்டாளர்கள் முதலில் தேடுவது இதைத்தான். 12 குறைவு என்று வெட்கப்பட வேண்டாம். நேர்மையான 12-க்கு மதிப்பு உண்டு. ஒவ்வொரு காட்டுக்கும் சராசரி எடுத்து ஒப்பிடுங்கள். இல்லையென்றால் காட்டை ரேண்டம் எஃபெக்டாக வைத்து மிக்ஸட் மாடல் போடுங்கள், காட்டுக்குக் காடு இருக்கும் வேறுபாட்டையும் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை அது. இரண்டு வருடம் எண்ணியிருந்தால் வருடத்தையும் அதற்குள் சேர்க்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். செம்மறி மேயும் ஆறு காடும் எந்தப் பக்கம் இருக்கின்றன? 63 இனங்களுக்கும் உலர்தாள் மாதிரி, அதாவது செடியை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டியது, வைத்திருக்கிறீர்களா?

மூலனூர்க்காரி:

ஐயா, ரொம்ப நன்றிங்க. நீங்கள் சொன்னது அப்படியே சரி. முன்னுரை காளையில்தான் தொடங்குகிறது, வேலிக்கு ஒரே ஒரு வரிதான். இரண்டு வருடம் எண்ணியதும் உண்மைதான், இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டுவிட்டேன்.

செம்மறி மேயும் ஆறில் நாலு மூலனூர்ப் பக்கம் இருக்கிறது. மாடு மேய்வதில் ஐந்து காங்கயம், வெள்ளகோயில் பக்கம். இப்போது எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. உலர்தாள் மாதிரி 40 இனத்துக்குத்தான் இருக்கிறது, அதுவும் எங்கள் துறை அலமாரியில். பெயர் சேர்க்கச் சொல்கிற விஷயத்துக்கும் ஒரு வழி சொல்லுங்க.

கோபி வாத்தியார்:

அதனால்தான் கேட்டேன். மூலனூர்ப் பக்கம் மண்ணும் மழையும் வேறாக இருந்து, அதனாலேயே புல் குறைந்திருந்தால்? பழி செம்மறி மேல் விழுந்துவிடும். இதை மறைக்க வேண்டாம், மறைத்தாலும் வரைபடத்தைப் பார்த்தவுடன் மதிப்பீட்டாளர் கண்டுபிடித்துவிடுவார். நீங்களே முன்னால் சொல்லிவிடுங்கள். மண் மாதிரி 12 காட்டிலும் எடுத்து, மணல் அளவும் கரிமச்சத்தும் பார்த்து அட்டவணையில் போடுங்கள். முடிந்தால் மூலனூர்ப் பக்கம் மாடு மேயும் காடு இரண்டு, காங்கயம் பக்கம் செம்மறிக்காடு இரண்டு கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டும்தான். 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிகளின்படி ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியாக வேண்டும் என்ற கட்டாயம் தேசிய அளவில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த விதி என்ன என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் உண்மையிலேயே எவ்வளவு என்று அப்போது தெரியும்.

தலைப்பையும் பாருங்கள். செம்மறி மேய்வதால் புல் குறைகிறது என்று எழுதினால் நிரூபிக்க வேண்டும். செம்மறி மேயும் காடுகளில் புல் குறைவாக இருக்கிறது என்றால் நீங்கள் கண்ணால் பார்த்தது, யாரும் மறுக்க முடியாது.

உலர்தாளை அலமாரியில் வைத்தால் போதாது. பூவோ காயோ உள்ள செடியாகப் பார்த்து அழுத்திக் காயவைத்து, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்குக் கொண்டுபோங்கள். எம்.ஹெச். என்ற குறியீட்டில் உலகம் அறிந்த உலர்தாவரகம் அது. முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் கொடுக்கும் எண்ணை அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் போடுங்கள். ஐம்பது வருடம் கழித்து ஒருவர் சந்தேகப்பட்டால் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மீதி 23 இனத்தை வரும் மழையில் சேகரியுங்கள்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். வெள்வேலை அகேசியா லூக்கோஃப்ளோயா என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டு முடிவு 2011 மெல்போர்ன் மாநாட்டில் உறுதியாகி, அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போய்விட்டது. நம் வெள்வேல் இப்போது வச்செல்லியா லூக்கோஃப்ளோயா. பழைய தாவர நூல்களை வைத்து இனம் கண்டாலும், எழுதும்போது லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, எந்த மாதம் பார்த்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். கூடவே ஊர்ப்பெயரையும் போடுங்கள் அம்மணி. கொழுக்கட்டைப்புல், கிளுவை, வெள்வேல் என்ற பெயர்கள் அந்த அட்டவணையில் அச்சாக வேண்டும் என்று எனக்கு ஆசை.

பெயர் சேர்க்கும் விஷயம். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்விலோ தரவிலோ பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் கட்டுரையை எழுதியவர் என்று பெயர் போடலாம். நம் துறை இதழ்களும் இப்போது யார் எதைச் செய்தார் என்று 14 வகையில் எழுதித் தரச் சொல்கின்றன. சண்டை போட வேண்டாம். அந்தப் படிவத்தை அவர் முன்னால் வைத்து, உங்கள் பங்கை எதில் எழுதட்டும் என்று பணிவாகக் கேளுங்கள். காட்டுக்காரர்கள் 12 பேருக்கும் நன்றிப் பகுதியில் இடம் கொடுங்கள். பெயர் போடலாமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டு.

நாமக்கல் கால்நடை:

வாத்தியார் ஐயா அனுப்பும் வரைக்கும் சொல்லிவிட்டார். நான் அனுப்பிய பிறகு நடப்பதைச் சொல்கிறேன், போன வருடம்தான் பட்டு வந்தேன்.

ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. முகப்புக் கடிதத்தில் உங்கள் படிப்பு, பதவி எதுவும் வேண்டாம். என்ன கேள்வி, என்ன கிடைத்தது, ஏன் இந்த இதழ் என்று பத்து வரி போதும். எழுதியவர் பெயர் மறைத்து மதிப்பிடும் இதழாக இருந்தால், கோப்பின் உள்விவரத்தில் உங்கள் பெயர் கிடக்கும், அதையும் நீக்குங்கள். வரி எண் கட்டாயம் போடுங்கள்.

எனக்கு இரண்டு மதிப்பீட்டாளரிடமிருந்து 41 குறிப்புகள் வந்தன. முதல் நாள் படித்துவிட்டு எதுவும் செய்யவில்லை, மூன்று நாள் மூடி வைத்தேன். அப்புறம் ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்து எழுதி, கீழே என் பதில், எந்த வரியில் மாற்றினேன் என்று போட்டேன். 38-ஐ ஏற்றுக்கொண்டேன். மூன்றை ஏற்கவில்லை. ஏன் என்று என் தரவை வைத்தே சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். அவகாசம் போதாவிட்டால் கேளுங்கள், கொடுப்பார்கள்.

இதழ் தேடும்போது கோயம்புத்தூரிலிருந்தே 2009 முதல் வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸாவையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் கட்டுரை அதற்குப் பொருந்துமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு கட்டுரையிலும் பெறப்பட்ட தேதி, ஏற்கப்பட்ட தேதி அச்சாகியிருக்கும். எவ்வளவு காலம் ஆகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

மூலனூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றிங்க. 9,500 ரூபாய்க்காரர்களுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். 14 வகைப் படிவத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, நன்றிப் பகுதியில் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்.

நேற்று காட்டுக்காரர்கள் ஐந்து பேரைப் பார்த்து வந்தேன். கடைசியாக உழுத வருடத்தை எல்லாரும் சட்டென்று சொல்லிவிட்டார்கள், ஒருவரைத் தவிர. மூலனூர்ப் பக்கம் ஒரு பெரியவர். அவருக்கு வருடம் நினைவில்லை, மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆன வைகாசிக்கு முந்தின ஆடியில் உழுதோம் என்றார். கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மண் மாதிரி எடுக்கப் போகும்போது வாங்கிக்கொள்கிறேன்.