கேபினட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ் போதுமா? திருமங்கலம் டிடிபி கடைக்கு ஒரு டெஸ்க்டாப்

திருமங்கலம் டிடிபி:

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பிளெக்ஸ் வடிவமைப்பு ஆகியவைதான் என் வேலை. கடந்த வைகாசியில் ஒரு நாள் மாலை, இடிமழைக்கு நடுவே மின்சாரம் மூன்று முறை போய்ப் போய் வந்தது. மூன்றாவது முறை வந்தபோது கணினிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. கருகிய வாடை அடித்தது. எஸ்எம்பிஎஸ் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) மட்டும் போயிருக்கும் என்று நம்பித்தான் மதுரைக்கு எடுத்துச் சென்றேன். மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே போய்விட்டதாகச் சொன்னார்கள். நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த டிசைன்களும், வாடிக்கையாளர்கள் நம்பிக் கொடுத்த பழைய புகைப்படங்களின் ஸ்கேன்களும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன.

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பு புதிய கணினி வாங்கியாக வேண்டும். டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். ஐ5-12400 பிராசசர், எச்610 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுடன் கூடிய கேபினட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கையில் சில ஆயிரம் மிஞ்சும். அதைப் போட்டு பிராசசரை ஐ7-12700 ஆக உயர்த்தலாம் என்கிறார் கடைக்காரர். உடன் வந்த நண்பரோ, கேபினட்டோடு வருகிற எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, நல்லதாக ஒன்றைத் தனியே வாங்கச் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பழங்காநத்தம் சர்வீஸ்:

உங்கள் நண்பர் சொன்னபடியே செய்யுங்கள் ஐயா. பதினெட்டு ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கிறேன். என் மேசைக்கு வந்த மதர்போர்டுகளில் பலவும் தாமாகச் செத்தவை அல்ல. எஸ்எம்பிஎஸ் சாகும்போது கூடவே இழுத்துக்கொண்டு போனவை.

முதலில் அந்த 450 வாட் என்ற எண்ணைப் பார்ப்போம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று படியுங்கள். 14 ஆம்பியர் என்று இருந்தால், 12ஐ 14ஆல் பெருக்கக் கிடைப்பது 168 வாட் மட்டுமே. இன்றைய கணினியில் அதிக மின்சாரம் கேட்கும் பாகங்கள் எல்லாம் 12 வோல்ட் வழியைத்தான் நம்பியிருக்கின்றன. இன்டெல் வெளியிட்டுள்ள கணக்குப்படி ஐ5-12400 முழு வேகத்தில் 117 வாட் வரைக்கும், ஐ7-12700 180 வாட் வரைக்கும் எடுக்கும். கடைக்காரர் சொல்கிறபடி பிராசசரை உயர்த்திவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே விட்டால், ஒற்றை மாட்டு வண்டியில் நெல் மூட்டையை மேலும் மேலும் அடுக்குவது போலத்தான் ஆகும்.

ஆனால் வாட் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உள்ளே இருக்கும் சரக்கு. மலிவான எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கினாலே வெறும் தகர டப்பா போல இலேசாக இருக்கும். மூடியைத் திறந்தால், மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டச் சுருள்கள் இருக்க வேண்டிய இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கம்பியை வளைத்துப் பற்றவைத்திருப்பார்கள். போர்டில் அந்தச் சுருளுக்கான வட்டம் மட்டும் வெள்ளை மையில் அச்சாகி இருக்கும், பொருள் இருக்காது. இது நான் கண்ணால் பலமுறை கண்டது.

அண்ணாநகர் வடிவமைப்பாளர்:

சர்வீஸ் நண்பரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் அவர் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. பழுதான கணினிகளை மட்டுமே பார்க்கிறவருக்கு எல்லா எஸ்எம்பிஎஸ்ஸும் எமனாகத்தான் தெரியும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் அவர் மேசைக்கு வருவதே இல்லை.

ஐ7 வேண்டாம் என்பதில் நானும் அவர் பக்கமே. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். இன்னும் அதில்தான் பத்திரிகை கோக்கிறோம் என்றால், அந்த மென்பொருளுக்கு ஐ5க்குள் இருக்கும் ஆறு கோர்களே (கணக்கிடும் பகுதிகள்) அதிகம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஐ5-12400 கணினி, டிடிபி வேலையில் பெரும்பாலான நேரம் 100 வாட்டைத் தாண்டாது. 117 வாட் என்பது எல்லாக் கோர்களும் ஒருசேர உழைக்கும்போது எட்டக்கூடிய உச்சம். நீங்கள் சொல்லும் 168 வாட்டுக்குள் அதுவும் அடங்கிவிடுகிறதே.

மிஞ்சும் பணத்தை ராமுக்குப் போடச் சொல்கிறேன், காரணம் இதுதான். 10 அடிக்கு 8 அடி பிளெக்ஸை 72 டிபிஐயில் (அங்குலத்துக்கு 72 புள்ளி) திறந்தால் 8,640க்கு 6,912 பிக்சல், ஏறக்குறைய 6 கோடிப் புள்ளிகள். நான்கு மைகளைக் கொண்ட சிஎம்ஒய்கே அச்சு முறையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால், ஒரே ஒரு லேயர் சுமார் 239 எம்பி. மாப்பிள்ளை, பெண், தாய்மாமன், குலதெய்வம், கட்சித் தலைவர் என்று பத்து லேயர் ஏறினால் 2.4 ஜிபி. ஒவ்வொரு மாற்றத்தையும் திரும்பப் பெறுவதற்காக போட்டோஷாப் நினைவில் வைத்திருப்பது வேறு. 16 ஜிபி மூச்சு முட்டும். ராம் நிறைந்ததும் எஸ்எஸ்டியில் எழுதத் தொடங்கும். வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வட்டம் சுற்றுவதைப் பார்க்க வேண்டியதுதான். மேலும் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. அதுவும் அதே ராமைத்தான் பங்கு கேட்கும். டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக்காக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டாகப் போட்டால் அதன் இரு மடங்கு பாதை. ஆகவே இரண்டு 16 ஜிபி ஸ்டிக்குகள் என்பதே என் பரிந்துரை. எச்610 போர்டுகளில் ராமுக்கு இரண்டே ஸ்லாட்தான் என்பதால் பின்னால் யோசிக்கவும் இடம் இருக்காது. மின்தடைக்கு யூபிஎஸ் இருக்கிறது. அதற்கு மேல் எதற்குத் தனி எஸ்எம்பிஎஸ்?

பழங்காநத்தம் சர்வீஸ்:

யூபிஎஸ் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட முடியாது. சாதாரண 600 விஏ யூபிஎஸ், மின்சாரம் போன பிறகுதான் பேட்டரிக்கு மாறும். அந்த மாற்றத்துக்குச் சில மில்லி விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் கணினியை உயிரோடு வைத்திருப்பது எஸ்எம்பிஎஸ்ஸின் முன்பகுதியில் நிற்கும் பெரிய கண்டன்சர்கள். நம் 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்சாரமாக மாறும்போது 325 வோல்ட் அளவுக்கு அவற்றில் ஏறி நிற்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கான பொதுத் தரமான ஏடிஎக்ஸ் வழிகாட்டுதல்படி மின்சாரம் நின்ற பிறகும் பத்து மில்லி விநாடிக்கு மேலாவது எஸ்எம்பிஎஸ் தாக்குப் பிடிக்க வேண்டும். மலிவானவற்றில் கண்டன்சரைச் சின்னதாக்கித்தான் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். "புது பேட்டரி போட்டும் கரண்ட் போனால் ரீஸ்டார்ட் ஆகிறது" என்று வருகிறவர்களுக்கு நான் யூபிஎஸ்ஸைத் தொடுவதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றித்தான் பார்க்கிறேன். பல நேரம் அதோடு சரியாகிவிடுகிறது.

ராம் பற்றி நீங்கள் சொன்ன கணக்கு சரியானதே. ஆனால் ராம் குறைந்தால் வேலை மெதுவாகும். எஸ்எம்பிஎஸ் கெட்டால் வேலையே இருக்காது. ராமை ஆறு மாதம் கழித்துக்கூடச் சேர்க்கலாம். இப்போது ஒரே 16 ஜிபி ஸ்டிக்காக வாங்கினால் இன்னொரு ஸ்லாட் காலியாகத்தானே இருக்கிறது.

மேலூர் வாசகர்:

எனக்கு ஒரு யோசனை. அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த கம்பெனி டெஸ்க்டாப்புகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் எஸ்எம்பிஎஸ் தரமாகவே இருக்கும். இந்தக் கேள்வியே எழாது அல்லவா?

பழங்காநத்தம் சர்வீஸ்:

தரம் இருக்கும், உண்மை. ஆனால் அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் பொதுவான ஏடிஎக்ஸ் அளவில் இருக்காது. மதர்போர்டுக்கு வரும் இணைப்பும் 24 பின்னாக இல்லாமல் அந்தக் கம்பெனிக்கென்று தனியாக இருக்கும். முகூர்த்த நேரத்தில் அது பழுதானால் மதுரையில் உடனே மாற்று கிடைக்காது. 8ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர்களில் சிறு விதிவிலக்கு தவிர எதையும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது.

ஒத்தக்கடை ஆய்வகம்:

கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 40 கணினிகள், எல்லாமே கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்தான். ஆறு ஆண்டுகளில் எஸ்எம்பிஎஸ் போனது மூன்றில் மட்டுமே. அவற்றில் ஒன்றுகூட மதர்போர்டைக் கொண்டுபோகவில்லை. எங்கள் கணினிகள் சிறப்பானவை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் ஒழுங்காகப் போட்ட எர்த் குழி இருக்கிறது. சித்திரை, வைகாசியில் மண் வறண்டுவிடும் என்பதால் வாரம் ஒருமுறை அதில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறார். நண்பர்கள் இருவரும் பெட்டிக்குள்ளேயே சுற்றி வருகிறீர்கள். சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே.

திருமங்கலம் நண்பரே, பழைய கணினியின் கேபினட்டில் வெறுங்காலோடு நின்று கை வைத்தால் சுரீர் என்று இருந்ததா?

திருமங்கலம் டிடிபி:

இருந்தது ஐயா. பின்பக்கத் தகட்டில் புறங்கை பட்டால் எறும்பு ஊர்வது போல இருக்கும். கணினி என்றால் அப்படித்தான் என்று நினைத்து, செருப்புப் போட்டுக்கொண்டே வேலை பார்த்தேன். பென் டிரைவ் சொருக வருகிறவர்களையும் எச்சரிப்பேன்.

ஒத்தக்கடை ஆய்வகம்:

அது எர்த் இல்லாததன் அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியில் இரண்டு சிறு கண்டன்சர்கள் மின்சாரம் வரும் பேஸ் வயரிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்கு வருகின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தில், 115 வோல்ட் அருகில் மிதக்கும். ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால்தான் சுரீரோடு நிற்கிறது. ஆனால் உள்ளே ஒரு வயர் உரசி கேபினட்டில் பட்டால் அது உயிர்ப்பிரச்சினை. நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும், இடி மின்னலின்போது வரும் வீச்சில் ஒரு பங்கை மண்ணுக்குத் திருப்ப அதற்கும் எர்த்தான் வழி. பழங்காநத்தம் நண்பர் சொல்லும் அந்தச் சுருள் இருந்தும், எர்த் இல்லையென்றால் வடிகட்டி அரைகுறையாகவே வேலை செய்யும். எனவே முதல் செலவு எலக்ட்ரீஷியனுக்கு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது.

பழங்காநத்தம் சர்வீஸ்:

எர்த் வேண்டும் என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஏற்கிறேன். ஆனால் எர்த் இருந்தால் எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் போதும் என்று இதைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. எர்த் காப்பது வெளியிலிருந்து வருவதற்கு எதிராக. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளேயே மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி செயலிழந்தால், 12 வோல்ட் வழியில் வரம்பு மீறி ஏறும். ஏடிஎக்ஸ் அனுமதிக்கும் ஏற்றம் 5 சதவீதம், அதாவது 12.6 வோல்ட் வரை. அதை வெகுவாகத் தாண்டிப் போகும்போது தானாகவே நின்றுவிடும் பாதுகாப்பு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கிறது. மலிவானதில் அது இல்லாவிட்டால் அடுத்து அடி வாங்குவது மதர்போர்டும் டிஸ்க்கும்தான். திருமங்கலம் ஐயாவுக்கு நடந்தது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வாங்கும்போது 80 பிளஸ் என்ற மின்திறன் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். அதில் வெண்கலத் தரம் (Bronze) என்றால் பாதிச் சுமையில் குறைந்தது 85 சதவீதத் திறன் என்பதே அதன் பொருள். பாதுகாப்பை அந்த முத்திரை சோதிப்பதில்லை. 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர், எத்தனை ஆண்டு வாரன்ட்டி, அதிக மின்னழுத்தப் பாதுகாப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். கேபினட்டோடு வருவதைவிட விலை கூடும்.

அண்ணாநகர் வடிவமைப்பாளர்:

அப்படி வாங்கினால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (எடுக்கும் மின்னோட்டத்தின் அலையைச் சீராக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்கள் சில, மலிவான யூபிஎஸ்ஸின் சதுர அலையோடு ஒத்துப்போகாமல் பேட்டரிக்கு மாறும்போது அணைந்துவிடுகின்றன. எனக்கே இது நடந்தது. கடையில் இரண்டையும் இணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

ராம் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் திருமங்கலம் நண்பரின் முதல் பதிவை மறுபடி படித்தபோது மனம் சங்கடப்பட்டது. அவர் வருந்துவது கணினிக்காக அல்ல, அந்தப் புகைப்படங்களுக்காக. எர்த், எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ் மூன்றும் சரியாக இருந்தாலும் எஸ்எஸ்டி ஒரு நாள் சொல்லாமல் நிற்கும். பழைய ஹார்டு டிஸ்க்கில் மின்பலகை மட்டும் கருகியிருந்தால், தட்டுகளில் உள்ளதை மீட்க வழி உண்டு. எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பும் மிகக் குறைவு. ஆகவே வெளியே கழற்றி வைக்கக்கூடிய டிஸ்க் ஒன்று வாங்குங்கள். இரவு கடை அடைக்கும் முன் நகல் எடுத்துவிட்டு அதன் வயரைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். அந்தப் பழைய டிஸ்க்கையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

திருமங்கலம் டிடிபி:

டிஸ்க் பத்திரமாக இருக்கிறது ஐயா. நீங்கள் சொன்ன பிறகுதான் அதற்கும் வழி இருக்கிறது என்று தெரிந்தது. மீட்டுத் தருகிறவரை விசாரித்து வருகிறேன்.

நேற்றிரவு பழைய எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துப் பார்த்தேன். பெட்டியில் 450 வாட். அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 12 ஆம்பியர், அதாவது 144 வாட்தான். கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்ற பயத்தில் நான் திறக்கவில்லை. பக்கத்துக் கடை டிவி மெக்கானிக் திறந்து காட்டினார். இரண்டு கண்டன்சர்களின் தலை இட்லி போல உப்பியிருந்தது. ஒன்றின் அடியில் பழுப்பு நிறத்தில் கசிந்து காய்ந்திருந்தது. சுருள் இருக்க வேண்டிய இடத்தில், சர்வீஸ் நண்பர் எழுதியபடியே, வளைத்த துண்டுக் கம்பி.

ஐ5 போதும் என்று முடிவு செய்துவிட்டேன். எஸ்எம்பிஎஸ் தனியாக, ராம் இப்போதைக்கு 16 ஜிபி ஒரே ஸ்டிக், வெளி டிஸ்க் ஒன்று. தை முகூர்த்தம் முடிந்து கையில் பணம் வந்ததும் அடுத்த 16 ஜிபி. ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார். கடைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் எர்த் குழி தோண்ட, வீட்டுக்காரரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன்.