மியான்மர்: அவ்வளவு பெரும்பான்மை இருந்தும் அரசியல் சட்டத்தை ஏன் திருத்த முடியவில்லை?

கரிசல்:
2020 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி, வாக்குப்பதிவு நடந்த 476 இடங்களில் 396ஐப் பிடித்தது. 2015லும் அமோக வெற்றி. பிறகும் ராணுவம் எழுதிய 2008 அரசியல் சட்டத்தில் கைவைக்க முடியவில்லையே, ஏன்? 2021ல் ஆட்சியைப் பிடித்தது சட்டப்படிதான் என்று ராணுவம் சொல்வதில் ஏதாவது பொருள் உண்டா?

மூன்றாம்பிறை:
கணக்குப் போட்டால் விளங்கிவிடும். இரு அவைக்கும் சேர்த்து 664 இடம். அதில் 166 பேரைத் தலைமைத் தளபதியே நியமிக்கிறார்; தேர்தல் மிச்சம் 498க்குத்தான். திருத்தத்துக்கு 436ஆவது பிரிவு கேட்பது 75 சதவீதம் இல்லை, 75க்கு மேல். 664ல் முக்கால் பங்கு சரியாக 498! தேர்ந்தெடுக்கப்பட்ட அத்தனை பேரும், ராணுவ ஆதரவுக் கட்சி உட்பட, ஒன்றாகக் கை தூக்கினாலும் ஒரு ஓட்டு உதைக்கும். அந்த ஒன்று சீருடைக்காரர் எவராவது போட்டால்தான் உண்டு. முக்கியப் பிரிவுகளுக்கு அதற்கப்புறம் பொதுவாக்கெடுப்பு வேறு. அதிலும் ஓட்டுப் போட்டவர்களில் இல்லை, ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிக்கு மேல் வேண்டும். ராணுவப் பங்கைப் படிப்படியாகக் குறைக்கும் திருத்தம் 2020 மார்ச்சில் தோற்றது இந்தப் பூட்டில்தான்.

உப்பங்கழி:
'சட்டப்படி' என்பது சப்பைக்கட்டு. ஆட்சி ராணுவத்தின் கைக்குப் போக வழிவிடுவது நெருக்கடி நிலை. 417ஆவது பிரிவின்படி அதை அறிவிக்க வேண்டியவர் அதிபர். 2021 பிப்ரவரி 1 விடிவதற்குள் அதிபர் வின் மியின்டைப் பிடித்து அடைத்துவிட்டு, ராணுவம் நியமித்த துணை அதிபர் மியின்ட் ஸ்வேயைத் தற்காலிக அதிபராக்கி அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். பதவி காலியானால்தான் துணை அதிபர் வரலாம். இங்கே ராஜினாமாவும் இல்லை, மரணமும் இல்லை. நாற்காலியைக் காலி செய்ததே துப்பாக்கி.

கரிசல்:
துணை அதிபர்கள் இரண்டு பேராச்சே. இன்னொருவர் சூச்சி கட்சிக்காரர்தானே?

உப்பங்கழி:
ஆமாம், ஹென்றி வான் தியோ. ஆனால் 73ஆவது பிரிவு, அதிபர் தேர்வில் இரண்டாவது அதிக ஓட்டு வாங்கியவருக்கே அந்த இடத்தைத் தருகிறது. அவர் மியின்ட் ஸ்வே.

மூன்றாம்பிறை:
இன்னொன்று. நெருக்கடி நிலை ஓராண்டு. 425ஆவது பிரிவின்படி வழக்கமாக ஆறு ஆறு மாதமாக இரண்டு முறை நீட்டலாம். அதாவது 2023 ஜனவரியோடு சரி. இழுத்ததோ 2025 ஜூலை வரைக்கும். தாங்கள் எழுதியதையே தாங்கள் மதிக்கவில்லை. பதவி பறிக்கப்பட்ட எம்.பி.க்களின் குழு திருத்தப் பேச்சையே விட்டுவிட்டு, 2021 மார்ச் 31 அன்று 2008 சட்டம் செல்லாது என்று அறிவித்துக் கூட்டாட்சி ஜனநாயக சாசனத்தை வெளியிட்டது.