உறைந்துபோன கெஸ்டுக்கு இண்டரப்ட் அனுப்பும் கமாண்ட்: உங்கள் அனுபவம் என்ன?

விர்ச்சுவல் மெஷின் (அதற்குள் ஓடும் சிஸ்டம்தான் கெஸ்ட்) உறைந்துவிட்டால் பலருக்கும் கை நேராக ரீசெட்டுக்குத்தான் போகிறது. மெஷின் எழுந்துவிடும், சரி. ஏன் உறைந்தது என்ற தடயம் அதோடு அழிந்துவிடும். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளான க்யூஎமுவின் மானிட்டரில் (கமாண்ட் அடிக்கும் இடம்) உள்ள 'என்எம்ஐ' கமாண்ட் இந்தத் தடயத்தைப் பிடிக்க உதவும். இண்டரப்ட் என்பது சிபியுவின் வேலையை இடைமறிக்கும் சிக்னல்; என்எம்ஐ அதில் 'நான்-மாஸ்கபிள்' வகை. சாதாரண இண்டரப்டுகளை கெர்னல் அடைத்து வைத்திருந்தாலும் இது உள்ளே போகும். அதற்கேற்ப அமைத்திருந்தால் கெர்னல் பேனிக் ஆகி (ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு), கேடம்ப் வழியாக மெமரி கோப்பாகக் கிடைக்கும். கேடம்ப் என்பது பேனிக் ஆனதும் இரண்டாவது கெர்னல் ஒன்றை ஓட்டி மெமரியைச் சேமிக்கும் லினக்ஸ் வசதி.

க்யூஎமுவுக்கு மேல் நாங்கள் எழுதிய உள் கருவியில் இதற்கு ஒரு கமாண்ட் வைத்தபோது பெரிய விவாதம் நடந்தது. எந்த சிபியுவுக்கு என்று எண் கேட்க வேண்டுமா? கேட்க வேண்டும் என்றவர்கள் அதிகம். க்யூஎமுவின் பழைய கமாண்டும் எண் கேட்டதுதான். நான் வேண்டாம் என்றேன். நிஜ சர்வரில் என்எம்ஐ பட்டனை அழுத்துபவர் சிபியுவைத் தேர்ந்தெடுப்பதில்லை. சிக்னல் ஒவ்வொரு லோக்கல் ஏபிக்கின் (ஒவ்வொரு சிபியுவுக்கும் இண்டரப்டுகளை வாங்கிக் கொடுக்கும் பகுதி) லின்ட்1 என்ற உள்ளீட்டு முனைக்கும் போகிறது. லினக்ஸ் வழக்கமாக பூட் சிபியுவில் மட்டும் அதைத் திறந்து வைத்து, மற்றவற்றில் மூடிவிடுகிறது. லின்ட்1-ஐத் தாண்டி சிபியுவை நேரடியாகக் குத்தினால் அந்த மூடலுக்கு அர்த்தமே இல்லை.

இது வெறும் தூய்மைவாதம் அல்ல. பொறுமை இழந்த ஆபரேட்டர் கமாண்டை மறுபடியும் அடிப்பார். அதற்குள் டம்ப் எடுக்கும் இரண்டாவது கெர்னல் ஓடத் தொடங்கியிருந்தால், அடி அதன் மேல் விழும். அந்தக் கெர்னலை ஏபிக்_எக்ஸ்ட்என்எம்ஐ=நன் என்று (எல்லா சிபியுவிலும் லின்ட்1-ஐ மூடும் அமைப்பு) பூட் செய்தால் தப்பிக்கலாம், ஆனால் கமாண்ட் லின்ட்1-ஐ மதித்தால்தான்.

இன்னொன்று: கமாண்ட் 'வெற்றி' என்று சொன்னாலும் கெஸ்ட் பேனிக் ஆக வேண்டும் என்றில்லை. கெஸ்டில் கெர்னல்.அன்னோன்_என்எம்ஐ_பேனிக் என்ற அமைப்பு 1 ஆக இல்லாவிட்டால், காரணம் தெரியாத என்எம்ஐ வந்ததாக லாகில் புலம்பிவிட்டு லினக்ஸ் தன் வேலையைத் தொடரும். எங்கள் கருவி இப்போது இதையும் ஒரு வரியில் நினைவூட்டுகிறது.

*

நான் டிரைவர் எழுதுகிற பக்கம். எனக்கு வேண்டியது சாதாரண இண்டரப்ட். க்யூஎமுவின் 'எடு' (edu) என்ற பயிற்சி பிசிஐ சாதனம் இதற்கு அருமை: அதன் 0x60 ரெஜிஸ்டரில் எழுதினால் இண்டரப்ட் எழும், 0x64-இல் எழுதினால் இறங்கும். 'ஐஆர்க்யூவை (இண்டரப்ட் கோட்டை) உயர்த்து' என்று கமாண்ட் வைக்கிறவர்கள் தயவுசெய்து இறக்கவும் ஒன்று வையுங்கள். லெவல் டிரிகர் கோடு (உயர்ந்திருக்கும் வரை இண்டரப்ட் தரும் வகை) உயர்ந்தபடியே நின்றால், இண்டரப்டைக் கவனிக்கும் ஹேண்ட்லர் ஓயாமல் ஓடும். 1,00,000 இண்டரப்டில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்காவிட்டால் லினக்ஸ் 'நோபடி கேர்ட்' என்று சொல்லி அந்த ஐஆர்க்யூவையே நிறுத்திவிடும். எங்கள் குழுவில் ஒரு மதியம் முழுக்க டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். தவறு சோதனைக் கமாண்டில்.

*

முதலில் எழுதிய அண்ணாவுக்கு: எண் கேட்காதது நல்லதுதான், ஆனால் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) செயலிகளை மட்டும் மனதில் வைக்காதீர்கள். ஐபிஎம் மெயின்ஃபிரேம் வகையான எஸ்390 கெஸ்டில் இதே கமாண்ட் ரீஸ்டார்ட் இண்டரப்டாகப் போகிறது. பவர்பிசி செயலியில் 0x100 முகவரியில் இருக்கும் சிஸ்டம் ரீசெட் இண்டரப்டாகப் போகிறது. நாங்கள் நேரடி மானிட்டரைத் தொடுவதில்லை, லிப்விர்ட் என்ற நிர்வாகக் கருவியின் 'விர்ஷ் இன்ஜெக்ட்-என்எம்ஐ' கமாண்ட் போதும். ஆபரேட்டருக்கு அதைக் கொடுப்பதற்கு முன், கெஸ்டில் கேடம்ப் உண்மையிலேயே கோப்பு எழுதுகிறதா என்று ஒரு சோதனை மெஷினில் பார்த்துவிடுங்கள்.