மெலடோனின் சொட்டு வாங்கினேன், கொடுக்கவில்லை: உங்கள் வீட்டில் எப்படி?

என் மகளுக்கு அப்போது பத்து வாரம். பகலெல்லாம் அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள். ராத்திரி ஒரு மணி, மூன்று மணி, ஐந்து மணி என்று கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். நாங்கள் இருப்பது நியூஜெர்சியில். தூக்கம் வர எடுத்துக்கொள்ளும் மெலடோனினுக்கு இங்கே மருந்துச் சீட்டு தேவையில்லை. 1994 சட்டப்படி அது மருந்துக் கணக்கிலேயே வராது, வைட்டமின்களோடு அலமாரியில் இருக்கும். கூட வேலை செய்பவர் ஒருவர் சொல்லி, ஒரு சொட்டு பாட்டிலை வாங்கி வந்தேன். மூடியைத் திறக்குமுன் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதே, அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

வேண்டவே வேண்டாம் என்றார். மெலடோனின் ஒரு ஹார்மோன். இருட்டியதும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி அதைச் சுரந்து, இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்கிறது. வயிற்றில் இருக்கும்வரை அம்மாவின் மெலடோனின் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். பிறந்தபின் சொந்தத் தாளம் அமைய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஹார்மோனைக் கொடுப்பது கைக்குழந்தைக்குப் பாதுகாப்பு என்று சொல்லப் போதிய ஆய்வு இல்லை.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது: "ராத்திரி கொடுக்கிற பால் எப்போது எடுத்தது?" ஆபீஸில் பகல் பதினொரு மணிக்குப் பம்ப் செய்ததைத்தான் ராத்திரி கொடுத்துக்கொண்டிருந்தேன். தாய்ப்பாலில் இரவில் மெலடோனின் இருக்கும், பகலில் மிகமிகக் குறைவாம்! அன்றிலிருந்து பால் பையில் தேதியோடு நேரத்தையும் எழுதினேன். காலையில் திரையை விலக்கி மகளை ஜன்னலோரம் வைத்துக்கொள்வேன். ராத்திரி மங்கலான விளக்கு மட்டும், கையில் போன் இல்லை. நான்காம் மாதம் ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் தூங்கினாள். வயதுக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் அந்தச் சொட்டு இல்லாமலே நடந்தது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

டெக்சாஸ், மூன்று வயதுப் பையனின் அப்பா

தயவுசெய்து பாட்டிலைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய ஜெல்லி மிட்டாய் வகை மெலடோனினைப் பையன் எடுத்துத் தின்றுவிட்டான். விஷமுறிவு உதவி எண் 1-800-222-1222-க்கு அழைத்தோம். எடை என்ன, எத்தனை மில்லிகிராம், எத்தனை மிட்டாய் குறைகிறது என்று நிதானமாகக் கேட்டார்கள். வீட்டிலேயே வைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து விடியவிடிய அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

இப்படிப் பிள்ளைகள் மெலடோனின் விழுங்கியதாக அமெரிக்காவில் வந்த அழைப்புகள் 2012-இல் 8,337, 2021-இல் 52,563. அந்தப் பத்து வருடத்தில் இரண்டு குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 2023-இல் 25 வகை ஜெல்லிகளைச் சோதித்ததில் 22-இல் லேபிளில் போட்ட அளவு சரியில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. நானும் அன்று லேபிளைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.

பெங்களூரு, ஆறு வயதுப் பிள்ளையின் அம்மா

என் மகனுக்கு ஆட்டிசம். படுத்தால் இரண்டு மணி நேரமாவது புரளுவான். படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்திப் பார்த்தோம், போதவில்லை. அதன்பிறகே மருத்துவர் குறைந்த அளவில் மெலடோனின் எழுதினார், பலன் இருக்கிறது. ஆனால் இது மருத்துவர் பார்வையில் நடப்பது. கைக்குழந்தை விஷயமே வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கோவை, எட்டு மாதப் பேத்தியின் பாட்டி

எங்களுக்குத் தூளிதான். தூங்கியதும் தலையணை இல்லாமல் தட்டையான மெத்தையில் மல்லாக்கக் கிடத்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர், அப்படியே செய்கிறேன். ஏழு மணிக்கு ஹால் விளக்கையும் டிவியையும் அணைத்துவிடுவோம். தாத்தா செய்திகளை மறுநாள் காலைப் பேப்பரில் படித்துக்கொள்கிறார்.